வந்தவன் அந்நியனா?

"வெளியூரான்" என்ற ஒரு சொல்லால் ஒருவனை வாயிலுக்கு அப்பால் நிறுத்திவிடுவது எளிது. ஆனால், ஊரார் அஞ்சி ஒடுங்கிய வேளையில் அந்த வெளியூரான் காவல் நின்றான் என்றால், அவனை என்னென்று அழைப்பது?

1940-ல் நாஜிப் படையிடம் பிரான்சு பணிந்தது. பணிய மறுத்தோரில் பலர், பிழைப்புத் தேடியும் கொடுமைக்குத் தப்பியும் அந்நாட்டை அடைந்த ஏழைகள். போலந்து, ஹங்கேரி யூதர்கள், இத்தாலியர், ஸ்பானியர், ஆர்மீனியர். 1943-ல் பாரிசில் அவர்தம் படைக்குத் தலைமை ஏற்றவர் மிசாக் மனூஷியன். ஆர்மீனியப் படுகொலை ஆதரவற்றவராக்கிய கவிஞர், ஆலைத் தொழிலாளி. பிரெஞ்சுக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. அந்த நாட்டுக்கே உயிரையும் ஈந்தார்!

நவம்பரில் பிடிபட்டனர். நாஜிகள் பத்துப் பேரின் முகங்களைச் சிவப்புச் சுவரொட்டியில் அச்சிட்டு, பெயருக்கருகே பிறப்பையும் குறித்தனர். இவர்கள் விடுதலை வீரரல்லர், அந்நியக் குற்றவாளிப் படை என்று மக்களை நம்பவைக்க முயன்றனர். 1944 பிப்ரவரி 21-ல் மோன் வலேரியன் கோட்டையில் 22 பேர் சுடப்பட்டனர். ஓல்கா பான்சிக் என்னும் வீராங்கனை மே 10-ல் ஜெர்மனியில் தலை வெட்டப்பட்டார். இவர்கள் கதையை 2009-ல் ரோபெர் கெதிகியான் திரைப்படமாக்கினார்.

அதே கோட்டையில் அவர்களுக்கு முன்பே மாண்ட ஒருவர் நமக்கு அண்டை வீட்டார். புதுவை ஆட்சிக்குட்பட்ட மாஹியில் 1914-ல் பிறந்த மாதவன், புதுச்சேரியில் பயின்று, மேற்படிப்புக்காகப் பாரிஸ் சென்றவர். 1942 மார்ச்சில் கைதானார். செப்டம்பர் 21-ல், பணயமாகச் சிறையிலிருந்த 45 பேருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தாயகத்தை அடிமை கொண்டிருந்தது பிரான்சு. அந்தப் பிரான்சின் விடுதலைக்காகவே அவர் மடிந்தார்! அடிமைத்தளை எவன் காலில் கிடந்தாலும் தளையே என்றறிந்தவர் அவர்.

நெய்வேலி நகரிய மக்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். 1957-ல் சுரங்கப் பணி தொடங்கியபின் எங்கெங்கிருந்தோ வந்தவர்களால் நிறைந்தவை இங்குள்ள வட்டங்கள். நிலம் ஈந்த சிற்றூரார்க்கு வேலை வேண்டும் என்பது நியாயமான வழக்கு. அந்த வழக்கை நிர்வாகத்தின் முன் வைப்போம். பிழைக்க வந்த தொழிலாளியின் பிறப்பை இழித்து அதை வெல்ல நினைப்பது, சுவரொட்டி ஒட்டியவர்களின் வழியல்லவா?

மனூஷியன் தம் இறுதி மடலில், ஜெர்மன் மக்கள்மீது தமக்கு வெறுப்பில்லை என்று எழுதினார். பின்னாளில் அந்த ஜெர்மனியின் பெருஞ்சக்கர இயந்திரங்களே நெய்வேலியில் மண்ணகழ்ந்தன!

மனூஷியனை 2024 பிப்ரவரி 21-ல் பிரான்சு தன் பாந்தியோன் மாமன்றத்தில் அடக்கம் செய்து வணங்கியது. எண்பதாண்டுகள் கழித்துத் திறந்த கதவு அது. நம் வாயிற்கதவு அவ்வளவு காலம் தாழ்க்க வேண்டுமா?