நிறுவனங்களுக்கான திறந்த மூலத் தரவுத்தளத் தெரிவு

திறந்த மூலத் தரவுத்தள மென்பொருள்கள் என்பவை, மூல நிரலை எவரும் பார்க்கவும், மாற்றவும், பகிரவும் இசைவளிக்கும் உரிமங்களின் கீழ் வெளியாகும் தரவுத்தள மேலாண்மை முறைமைகள் ஆகும். மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ்கியூஎல், ஃபயர்பேர்ட் ஆகியன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் வேகத்தையே முதலில் ஒப்பிடுகின்றன. எனினும் தரவின் நம்பகத்தன்மை, உரிமம், மூல நிரல் யாருடைய கையில் உள்ளது என்பன நீண்டகால விளைவுகளைத் தருபவை. பல ஆண்டுகளாகச் சேர்ந்த தரவுகளைப் பின்னர் வேறொரு முறைமைக்கு மாற்றுவது கடினம் என்பதே இதற்குக் காரணம்.

வரலாறு

போஸ்ட்கிரெஸ்கியூஎல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986 இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் ஆய்வுத் திட்டத்திலிருந்து உருவானது. 1996 இல் தற்போதைய பெயரைப் பெற்றது. மைஎஸ்கியூஎல் 1995 இல் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றினால் வெளியிடப்பட்டது. லினக்ஸ், அப்பாச்சி, பிஎச்பி ஆகியவற்றுடன் இணைந்து இயங்கியதால் இணையத்தளங்களிடையே விரைவாகப் பரவியது. போர்லாண்ட் நிறுவனம் 2000 இல் திறந்து வெளியிட்ட இன்டர்பேஸ் மூல நிரலிலிருந்து ஃபயர்பேர்ட் தோன்றியது.

நம்பகத்தன்மை

ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாயைக் கழித்து மற்றொரு கணக்கில் சேர்க்கும்போது, இரு செயல்களும் ஒருங்கே நிறைவேறவேண்டும்; அல்லது இரண்டுமே நிகழாதிருக்கவேண்டும். இத்தகைய செயற்தொகுதி பரிவர்த்தனை எனப்படும். மைஎஸ்கியூஎல்லில் முன்னர் இயல்பிருப்பாக இருந்த மைஐசாம் சேமிப்புப் பொறி பரிவர்த்தனைகளை ஆதரிக்கவில்லை. இடையில் மின்சாரம் தடைப்பட்டால் முதற்பாதி மட்டும் பதிவாகி நிற்கக்கூடும். பரிவர்த்தனைகளை ஆதரிக்கும் இன்னோடிபி பொறி, 2010 இல் வெளியான 5.5 ஆம் பதிப்பிலேயே இயல்பிருப்பானது.

சேமிப்பு முறை

போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒரு வரிசையை மாற்றும்போது அதன் புதிய படியை எழுதுகின்றது. பழைய படிகள் பின்னர் துப்புரவு செய்யப்படுகின்றன. சுட்டுவரிசை உள்ள புலம் ஒன்று மாறினால், பொதுவாக அவ்வட்டவணையின் எல்லாச் சுட்டுவரிசைகளிலும் புதிய பதிவு சேர்க்கப்படவேண்டும். இன்னோடிபியில் துணைச் சுட்டுவரிசைகள் முதன்மைச் சாவியையே சுட்டுவதால், மாறிய புலத்துக்குரிய சுட்டுவரிசையைப் புதுப்பித்தால் போதும். ஆயினும் அவற்றின் வழியாகத் தேடும்போது இருமுறை தேடவேண்டியிருக்கும். ஊபர் நிறுவனம் தான் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலிருந்து மைஎஸ்கியூஎல்லுக்கு மாறியதற்கான காரணங்களுள் ஒன்றாக இவ்வேறுபாட்டை 2016 இல் விளக்கியது. எனவே அடிக்கடி மாறும் தரவுக்கும், சேர்த்துவைத்துத் தேடப்படும் தரவுக்கும் ஒரே விடை பொருந்தாது.

தமிழ் எழுத்துகள்

மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்ற பெயரில் இருந்த குறிமுறை ஒரு குறியீட்டுக்கு அதிகபட்சம் 3 பைட்டுகளையே ஏற்றது. வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு இது போதுமானது. ஆனால் 2019 இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட மரபுவழித் தமிழ்ப் பின்னங்களுக்கும் குறியீடுகளுக்கும் 4 பைட்டுகள் தேவை. கண்டிப்பு முறை நடைமுறையில் இல்லாதபோது, அத்தகைய குறியீடு வந்த இடத்தோடு உரை வெட்டப்பட்டுச் சேமிக்கப்படும். முழுமையான யுடிஎஃப்8எம்பி4 குறிமுறை, 2018 இல் வெளியான 8.0 ஆம் பதிப்பில் இயல்பிருப்பானது. பழைய தரவுத்தளங்களைப் பேணுவோர் இதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

உரிமமும் உரிமையாளரும்

மைஎஸ்கியூஎல் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழும், தனியான வணிக உரிமத்தின் கீழும் கிடைக்கின்றது. நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுத்துவோருக்கு மூல நிரலை வெளியிடும் கட்டாயம் இல்லை. தமது மூடிய மென்பொருளுடன் சேர்த்து விநியோகிப்போர் உரிமத்தை ஆராயவேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் உரிமம் இத்தகைய கட்டுப்பாடு இன்றியமைந்தது.

இன்னோடிபியை உருவாக்கிய பின்லாந்து நிறுவனத்தை ஆரக்கிள் 2005 இல் வாங்கியது. மைஎஸ்கியூஎல் நிறுவனத்தைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2008 இல் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. சன் நிறுவனம் 2010 இல் ஆரக்கிளின் கைக்குச் சென்றது. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியோருள் ஒருவரான மைக்கேல் விடேனியசு, அதன் மூல நிரலிலிருந்து 2009 இல் மரியாடிபியைத் தொடங்கினார். விக்கிப்பீடியா 2013 இல் மரியாடிபிக்கு மாறியது.

உரிமமும் மாறக்கூடியதே. மாங்கோடிபி 2018 இல் புதிய உரிமம் ஒன்றுக்கு மாறியது. அதனைத் திறந்த மூல முன்னெடுப்பு அமைப்பு திறந்த மூல உரிமமாக ஏற்கவில்லை. ரெடிஸ் 2024 இல் தன் உரிமத்தை மாற்றியபோது, வால்கீ என்ற கிளைத் திட்டம் தோன்றியது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் எந்தவொரு தனி நிறுவனத்துக்கும் உரியதன்று என்பதால், ஒரே விற்பனையால் அது கைமாறும் நிலை இல்லை.

தெரிவு செய்யும் முறை

* பொதுவான வேகச் சோதனை முடிவுகளைக் காட்டிலும், நிறுவனத்தின் சொந்தத் தரவையும் வினவல்களையும் கொண்டு செய்யும் சோதனை பயனுடையது.
* காப்புப்படி எடுப்பதோடு நில்லாமல், அதிலிருந்து தரவுத்தளத்தை மீட்டெடுத்தும் பார்க்கவேண்டும்.
* பணியாளர்கள் எம்முறைமையில் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் கருதவேண்டும்.
* ஒரே முறைமைக்குரிய சிறப்புக் கட்டளைகளைக் குறைவாகப் பயன்படுத்தினால், பிற்காலத்தில் மாறுவது எளிதாகும்.

மூல நிரல் திறந்திருப்பதன் பயன், உரிமையாளர் மாறினாலும் ஏற்கனவே திறந்த உரிமத்தில் வெளியான பதிப்பைக் கொண்டு பணியைத் தொடர இயல்வதே ஆகும். மரியாடிபியும் வால்கீயும் அவ்வாறே தோன்றின.