மிஸ்ஸிங் அடிக்கும் இன்ஜினும் ஒரு மஞ்சள் விளக்கும்

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. எங்கள் மாமாவின் வாடகைக் கார் 2013 கடைசியில் வாங்கியது, பெட்ரோல் வண்டி. இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. ஸ்கேனரில் "பி0303" என்று வந்தது. அதாவது மூன்றாவது சிலிண்டர். பிளக், காயில், இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றினார்கள். பணம் போனதே தவிர உதறல் போகவில்லை. கம்ப்யூட்டரே சொல்லியும் ஏன் இப்படி என்று தேடப் போனதில் சிக்கியதுதான் இந்தப் பழைய கதை.

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் 1910 மாடல் காடிலாக் காரில் வந்தது. பாயிண்ட், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்ற அந்த ஏற்பாடுதான் பிறகு நம்ம ஊர் அம்பாசிடர் வரை ஓடியது. பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். தேயத் தேய அது மாறும், வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க மெக்கானிக் ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். கழற்றியதும் சத்தம் தடுமாறினால் அது வேலை செய்கிற சிலிண்டர். சத்தம் மாறவே இல்லையா? அதுதான் படுத்துவிட்டது! (கையில் ஷாக் வாங்காத பழைய மெக்கானிக் யாரும் இருக்க மாட்டார்.)

1973-ல் கிரைஸ்லர் தன் கார்களில் எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்தது. பாயிண்ட் மெல்ல மெல்ல ஒழிந்தது. ஆனால் அந்த மஞ்சள் விளக்கு வந்த வழியே வேறு. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களிலிருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவியது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால், சூட்டில் அது உருகியே போகும். அதனால் மிஸ்ஸிங்கை வண்டியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் விதி போட்டது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுக்க ஓபிடி-2 கட்டாயம். இந்தியாவில் அது 2013 ஏப்ரலில் வந்தது. ஆக, அந்த விளக்கு பிறந்தது புகைக்காக. மெக்கானிக்குக்காக இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டர் சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் வேகமெடுக்கும். எந்த முறை வேகம் குறைந்தது என்று மட்டும் சென்சார் வைத்துக் கணக்கு பார்க்கிறது. அந்தக் காலத்து மெக்கானிக் காதால் கேட்ட அதே தடுமாற்றம்! எந்த சிலிண்டர் என்று தெரியும், ஏன் என்று தெரியாது.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் வைத்தார். மூன்று சிலிண்டரில் 170 பிஎஸ்ஐ பக்கம், மூன்றாவதில் 90. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறவில்லை. "வால்வு தம்பி" என்றார். ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் கருகி, ஒரு துண்டு போயிருந்தது.

முதல் இடத்தில் கழற்றிக் கொடுத்த காயிலும் இன்ஜெக்டரும் இன்னும் மாமாவின் டிக்கியில்தான் கிடக்கின்றன. இரண்டுமே நல்லவை.