இணையவழி உடற்கல்வி (மேல்நிலைப் பள்ளி)

கோவிட் காலத்தில், கேரளமெங்கும் 2020 ஜூன் 1 அன்று 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பள்ளி வகுப்புகள் கைட் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையிலும் இணையத்திலும் தொடங்கின. பள்ளி வீட்டுக்கே வந்தது. அதுபோல உடற்கல்வியையும் முறையான பாடமாகவே இணையத்தில் படிக்க, தேசிய திறந்தநிலைப் பள்ளியின் 'உடற்கல்வியும் யோகமும்' என்ற பாடம் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் உள்ளது.

5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை வாழ்நாள் பழக்கமாக்கத் தன்னளவீடு உதவும். காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் இரு விரல் வைத்து, 15 விநாடி நாடித்துடிப்பை எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துவந்தால், பயிற்சி தொடரத் தொடர அந்த எண் மெல்லக் குறைவதை மாணவரே காணலாம். தோரணைப் பிழையைத் திருத்த மட்டும் ஆசிரியர் நேரில் வேண்டும்.