மனச்சோர்வு கண்டறிதலில் சமூக வேறுபாடுகள்

ஒரு மக்கள் குழுவில் எத்தனை பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அவர்களில் எத்தனை பேரிடம் மருத்துவர் அதைச் சொல்லியிருக்கிறார் என்பது வேறொரு கணக்கு. இனம், சாதி, பால், வருமானம் என்று பிரித்துப் பார்க்கையில் இரண்டாவது கணக்கில் தெரியும் ஏற்றத்தாழ்வு, நோயின் அளவோடு மருத்துவரை எட்டியவர் யார் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. இரண்டையும் ஒன்றாகப் படிப்பதால்தான் இத்துறையில் பிழையான முடிவுகள் மலிகின்றன.

2017-18இல் இந்தியாவில் நடந்த முதியோர் நீள்தொடர் ஆய்வு இந்த இடைவெளியைத் துல்லியமாக அளந்தது. 60 வயதைக் கடந்தவர்களில், மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் சொன்னதாகத் தெரிவித்தவர்கள் 0.8 விழுக்காடு. அதே ஆய்வில் அறிகுறிகளைக் கேட்டுக் கணித்தபோது கிடைத்ததோ 8.3 விழுக்காடு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பிலும், மனச்சோர்வுள்ளோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான பெரிய சான்று, 2009இல் வெளியான சென்னை நகர ஆய்வு. 25,455 பேரிடம் கேள்விப் படிவம் கொண்டு கேட்டதில் 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு தெரிந்தது. பெண்கள் 16.3, ஆண்கள் 13.9. இந்த வேறுபாட்டைவிடப் பெரியது வருமான வேறுபாடு: மிகக் குறைந்த வருமானத்தாரிடம் 19.3 விழுக்காடு, மிகுந்த வருமானத்தாரிடம் 5.9. வீடுவீடாகப் போய்க் கேட்டதால் கிடைத்த எண்கள் இவை. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் புரட்டியிருந்தால் ஏழைகளில் பலர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

நோயாளி என்ன சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகிறார் என்பதும் முக்கியம். பெங்களூரு உட்படப் பல நாட்டு மையங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் தரவு 1999இல் அலசப்பட்டது. மனச்சோர்வுள்ளோரில் 69 விழுக்காட்டினர் மருத்துவரிடம் உடல் தொல்லைகளை மட்டுமே சொல்லியிருந்தனர். நேராகக் கேட்டபிறகும் மன அறிகுறிகளை மறுத்தவர்கள் 11 விழுக்காடு மட்டுமே. ஆக, கேட்டால் பெரும்பாலோர் சொல்கிறார்கள், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் இதை எளிதாகப் பொருத்திப் பார்க்கலாம். விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள வளவனூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயக் கூலிப் பெண் "மேலெல்லாம் எரியுது, நெஞ்சு படபடங்குது, சோறு எறங்கல" என்று சொன்னால், அருகிலிருக்கும் கிளினிக்கில் ஊசியும் சத்து மாத்திரையும் கிடைக்கும். மனநல மருத்துவரைப் பார்க்க முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டும். அன்றைய கூலி போய்விடும். அதற்கும் முன்னால், "காத்து கருப்பு" என்று சந்தேகப்பட்டு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசையன்று அழைத்துப் போகும் குடும்பங்களும் உண்டு. இதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. எளிதில் போக முடிகிற இடம் எது என்பதுதான் அங்கே முடிவைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்கா இனவாரியாகக் கணக்கெடுப்பதுபோல இந்தியாவில் சாதிவாரியாக மனநலத்தைப் பார்க்கும் ஆய்வுகள் குறைவு. ஆசிஷ் குப்தா, டயான் காஃபி இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் குறிப்பிடத்தக்கது. பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் உயர்சாதி இந்துக்களைவிட மோசமான மனநலம் தெரிவித்ததை அது காட்டியது. கல்வியும் சொத்தும் மட்டும் அந்த வேறுபாட்டை முழுமையாக விளக்கிவிடவில்லை. ஆனால் அந்தத் தரவு வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. பட்டியல் சாதியினர் கால்வாசிக்கும் மேல் வாழும் விழுப்புரம் போன்ற மாவட்டத்துக்கு அந்த எண்களை அப்படியே பொருத்திவிட முடியாது.

அமெரிக்காவில் "மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் எப்போதாவது சொன்னாரா" என்று கேட்கும் கணக்கெடுப்புகளில் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் வெள்ளையருக்குக் கீழேயும் ஆசியர் கடைசியிலும் வருகின்றனர். வெள்ளையருக்கே சோகம் அதிகம் என்று இதற்குப் பொருளாகாது. மருத்துவக் காப்பீடு, மொழி, மருத்துவர்மேல் நம்பிக்கை ஆகியவை இதில் கலந்துள்ளன. மனநிலைக் கோளாறு உள்ள கறுப்பின நோயாளிகளுக்கு மனச்சிதைவு என்று தவறாகப் பெயரிடும் போக்கும் அங்கே பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

இந்தியாவில் 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. மாவட்ட மருத்துவமனையில் ஒரு மருத்துவரை அமர்த்துவதோடு இவை நின்றுவிட்டால் பதிவேட்டு எண்கள் பெரிதாக மாறாது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும்போதே தூக்கத்தையும் மனத்தையும் பற்றிக் கேட்பதுதான் மாற்றத்துக்கு வழி. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையைத் தமிழிலும் கட்டணமின்றி 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.