வரலாறு காணாத பனி: கோஃபு, 2014

மழை கொஞ்சம் கூடப் பெய்தாலே எங்கட பத்திரிகைகள் "வரலாறு காணாத" என்று தலைப்புப் போட்டுவிடும். வாசித்து வாசித்து அந்தச் சொல்லுக்கு இப்ப ஒரு அர்த்தமும் இல்லாமல் போய்விட்டது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் அது ஒரு விசித்திரமான சொல். எந்த வரலாறு காணாதது? யார் எழுதிவைத்த வரலாறு? எத்தனை வருடத்து வரலாறு? இந்தக் கேள்விகளுக்கு இலக்கத்தோடு பதில் சொல்லக்கூடிய ஒரு சம்பவம் 2014 பெப்ரவரியில் ஜப்பானின் கோஃபு என்ற நகரத்தில் நடந்தது.

கோஃபு, டோக்கியோவுக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றரில் இருக்கிறது. யமனாஷி மாகாணத்தின் தலைநகரம். நாலு பக்கமும் மலை, நடுவில் ஒரு சட்டி மாதிரி நிலம். தெற்கே ஃபூஜி மலை தெரியும். ஜப்பானில் அதிகமாகத் திராட்சையும் பீச் பழமும் விளைகிற இடம் இந்தச் சட்டிதான். இன்னொன்றுக்கும் இது பேர்போனது: வெயில். 2013 ஓகஸ்ட் 10 ஆம் திகதி அங்கே 40.7 பாகை செல்சியஸ் பதிவானது. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து அதே ஊரில் ஆளின் நெஞ்சு மட்டத்துக்குப் பனி நின்றது.

"ஜப்பான் எண்டா பனி விழுற நாடுதானே, இதில என்ன புதுமை?" என்று கேட்கலாம். விழும்தான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வருகிற காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தைக் குடித்துக்கொண்டு வரும். நாட்டின் நடுவே நிற்கிற மலைகளில் மோதி, நீகாட்டா போன்ற மேற்குக் கரையோர மாகாணங்களில் அவ்வளவையும் பனியாகக் கொட்டிவிடும். மலைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்வது காய்ந்த காற்று. அதனால் பசுபிக் பக்கத்தில் குளிர்காலம் என்றால் நீல வானமும் வரண்ட குளிரும்தான். கோஃபுவில் வருடத்தில் ஒரு சில நாள் கொஞ்சம் வெள்ளை படியும், பிள்ளைகள் விளையாடுவார்கள், கரைந்துவிடும். (எங்கட மொழியில விடியப்புறம் புல்லில நிக்கிற துளியும் பனிதான், கூரையை முறிக்கிறதும் பனிதான். இந்தக் கட்டுரை முழுக்க இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.)

பசுபிக் பக்கத்தில் பெரிய பனி விழ வேண்டுமென்றால் வேறொரு வழி இருக்கிறது. குளிர்காலக் கடைசியில் தாழமுக்கங்கள் சில ஜப்பானின் தெற்குக் கரையை ஒட்டிக் கிழக்கே நகரும். அவை கொண்டுவருவது மழையா பனியா என்பதை ஒரு பாகை, இரண்டு பாகை வித்தியாசம் தீர்மானித்துவிடும். 2014 பெப்ரவரி 8 ஆம் திகதி அப்படி ஒன்று வந்தது. டோக்கியோவில் 27 சென்ரிமீற்றர். 45 வருடங்களில் அந்த நகரம் கண்டிராத அளவு. கோஃபுவில் 43. அந்த வருடத்துக் கதை அதோடு முடிந்தது என்றுதான் கனபேர் நினைத்திருப்பார்கள்.

ஆறு நாள் கழித்து, 14 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, இரண்டாவது தாழமுக்கம் வந்தது. டோக்கியோவில் இரவோடிரவாகப் பனி மழையாக மாறியது. கோஃபுவில் மாறவில்லை. கிணற்றுக்குள் தண்ணீர் நிற்பது போல மலைகளுக்கு நடுவில் குளிர்காற்று அசையாமல் நின்றது. மேலேயிருந்து வந்த ஈரம் எல்லாம் பனியாகவே இறங்கியது. 15 ஆம் திகதி காலை 9 மணிக்கு அளந்தபோது 114 சென்ரிமீற்றர். ஃபூஜி மலையடியில் இருக்கிற கவகுச்சிகோவில் 143.

கோஃபுவில் 1894 முதல் வானிலைப் பதிவு இருக்கிறது. அந்த 120 வருடக் குறிப்பேட்டில் அதுவரை இருந்த ஆகக்கூடிய அளவு 49 சென்ரிமீற்றர், 1998 ஜனவரியில். பொதுவாக இப்படியான பதிவுகள் மயிரிழையில்தான் முறியும், ஓட்டப்பந்தயத்தில் போல. இது இரண்டு மடங்கையும் தாண்டி நின்றது. 120 வருடம் ஒரு ஊரைக் கவனமாக அளந்து எழுதிவைத்த கொப்பி, அந்த ஊரில் என்ன நடக்கலாம் என்பதில் பாதியைக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கொப்பியை நம்பித்தான் ஊரே கட்டப்பட்டிருந்தது. ஜப்பானியக் கட்டட விதிகளின்படி, பனி குறைந்த பகுதிகளில் ஒரு சென்ரிமீற்றர் பனிக்கு ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோ என்று பாரம் கணக்கிடுவார்கள். வீட்டு முற்றத்தில் போடுகிற சாதாரணக் கார் கொட்டில்கள் 20 சென்ரிமீற்றர் பனி தாங்கும் என்ற கணக்கில் விற்கப்படுபவை. 12 சதுர மீற்றர் கூரையில் 114 சென்ரிமீற்றர் என்றால் இரண்டரைத் தொன்னுக்கு மேல் வரும். கொட்டில்கள் வரிசை வரிசையாகக் காரின் மேலேயே விழுந்தன. சில இடங்களில் கீழே நின்ற ஆட்களின் மேலும் விழுந்தன. பக்கத்துச் சைத்தாமா மாகாணத்தின் ஃபுஜிமி நகரத்தில் பனி விழுந்து பிறகு மழையும் பெய்தது. பஞ்சு தண்ணி குடித்தது போலக் கனத்த பனி, மாநகர உடற்பயிற்சி மண்டபத்தின் பெரிய கூரையை அப்படியே இறக்கிவிட்டது.

யமனாஷியின் திராட்சைத் தோட்டங்கள் எங்கட முந்திரிகைப் பந்தல் மாதிரித்தான். கம்பியில் படரவிட்டு, தலைக்கு மேலே பழம் தொங்கும். நேரத்தோடு சந்தைக்கு வர வேண்டிய வகைகளைப் பொலித்தீன் கூடாரத்துக்குள் வளர்ப்பார்கள். அந்தக் கூடாரங்களின் இரும்புக் குழாய்கள் தும்புத்தடி மாதிரி வளைந்துபோயின. நாடு முழுவதும் விவசாய இழப்பு 10,000 கோடி யென்னைத் தாண்டியது. கூடாரம் போனால் திருப்பிக் கட்டலாம். உள்ளே முறிந்த திராட்சைக் கொடி திரும்ப நல்ல காய் தர வருடங்கள் எடுக்கும். அறுபது, எழுபது வயதில் இருக்கிற ஒரு விவசாயிக்கு அந்த வருடங்கள் என்ன கணக்கு என்று நீங்களே யோசித்துப் பாருங்கோ.

பிறகு பாதைகள். நெடுஞ்சாலை, தேசிய வீதிகள், ரயில் பாதை எல்லாம் ஒரேயடியாக மூடின. 8 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள் வாழ்கிற ஒரு மாகாணம் முழுதாகத் துண்டிக்கப்பட்டது. ச்சூஓ ரயில் பாதையில் மாட்டுப்பட்ட பயணிகள் இரவுகளைப் பெட்டிக்குள்ளேயே கழித்தார்கள். வீதியில் கார்கள் நின்ற இடத்திலேயே புதைந்தன. குளிருக்கு இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு இருந்த சிலர், புகைபோக்கியைப் பனி அடைத்ததால் காபனோரொட்சைட்டு நச்சில் இறந்துபோனார்கள். எல்லா மாகாணங்களிலுமாக இருபது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மலைக்கிராமங்களுக்கு ஹெலிகொப்டரில்தான் சாப்பாடு போனது. டங்கோசக்கா என்ற நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில் மாட்டுப்பட்டிருந்த யமசாக்கி பாண் கம்பனியின் லொறிச் சாரதிகள், கடைகளுக்குக் கொண்டுபோன பாணை அங்கே நின்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். அந்தப் படங்கள் டுவிட்டரில் நாடு முழுக்கச் சுற்றின.

இதையெல்லாம் இயற்கை அனர்த்தம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது, அடிக்காத ஒரு மணி.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் பெரிய விவாதம் ஒன்று நடந்தது. எச்சரிக்கை கொடுக்கப்பட்டும் ஆபத்தின் அளவு ஆட்களுக்கு ஏன் உறைக்கவில்லை என்பதுதான் கேள்வி. அதன் விளைவாக வளிமண்டலவியல் நிறுவனம் 2013 ஓகஸ்ட் 30 இல் "விசேட எச்சரிக்கை" என்ற புது ஏற்பாட்டைத் தொடங்கியது. ஐம்பது வருடத்துக்கு ஒரு தடவை வருகிற அளவு ஆபத்து என்றால், வழமையான எச்சரிக்கைக்கு மேலே இந்த உச்ச எச்சரிக்கை வரும். வந்தால் உடனே உயிரைக் காப்பாற்றுகிற வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம். செப்டெம்பரில் ஒரு சூறாவளிக்கு, கியோட்டோ பக்கத்தில், முதல் தடவையாக அது பயன்பட்டது.

ஒக்டோபர் 16 இல் இசு ஓஷிமா என்ற சிறிய தீவில் ஒரு நாளில் 800 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. மண்சரிவில் 39 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். விசேட எச்சரிக்கை வரவில்லை. காரணம், ஆபத்து ஒரு மாகாண அளவுக்குப் பரந்திருக்க வேண்டும் என்று விதி சொன்னது. தீவு அதற்குக் காணாது!

அடுத்தது கோஃபு. இங்கே பரப்பளவு பிரச்சினை இல்லை, மாகாணமே மூடிக் கிடந்தது. 120 வருடப் பதிவு இரண்டு மடங்காக முறிந்த பிறகு, ஐம்பது வருடத்துக்கு ஒரு தடவை என்ற நிபந்தனையைப் பற்றியும் கதைக்கவே தேவையில்லை. வழமையான கடும்பனி எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. ஆனால் விசேட எச்சரிக்கைக்கு இன்னொரு நிபந்தனை இருந்தது: அந்த அளவு பனி படிந்த பிறகும், கடும்பனி இன்னும் ஒரு முழு நாளளவுக்குத் தொடரும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். தெற்குக் கரைத் தாழமுக்கம் ஒரு நாளில் வந்து போகிற ஆள். 15 ஆம் திகதியே பனி விடப்போகிறது. ஆகவே விதிப்படி மணி அடிக்கத் தேவையில்லை, அடிக்கவும் இல்லை.

அந்த நிபந்தனை எங்கேயிருந்து வந்தது? பனிக்கான விசேட எச்சரிக்கைக்கு முன்மாதிரியாக நிறுவனம் வைத்திருந்தவை 1963, 1981 ஆம் ஆண்டுகளின் பெரும்பனிகள். அவை பிரதானமாக ஜப்பான் கடல் பக்கத்துக் கதைகள். அங்கே பனி நாள் கணக்காக, வாரக் கணக்காகக் குவியும். ஒரு மீற்றர் என்பது அங்கே சாதாரணம். வீடுகள் அதற்கேற்பக் கட்டப்பட்டவை, வாகனங்களும் ஆட்களும் ஆயத்தமாக இருப்பார்கள். பனி தொடர்ந்தால்தான் அங்கே அனர்த்தம். பனியே தெரியாத ஊரில் முதல் பதினைந்து மணித்தியாலத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். ஆக, பனி பழகிய ஊரின் வரலாற்றை வைத்துச் செய்த அடிமட்டத்தால் பனி பழகாத ஊரை அளந்தார்கள். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எண்டாலும் இது தற்செயல் எண்டு எனக்குப் படேல்ல. பழைய சம்பவங்களில் எதை முன்மாதிரியாக எடுப்பது என்று தெரிவு செய்கிறபோதே, எந்த ஊர் கணக்கில் வரும், எது வராது என்பதும் முடிவாகிவிடுகிறது.

மணி அடிக்காததால் தலைநகரம் திரும்பிப் பார்க்கவும் பிந்தியது. டோக்கியோவில் மழை பனியைக் கழுவிக்கொண்டிருந்தது. ஜப்பான் நேரப்படி 15 ஆம் திகதி அதிகாலை, சோச்சி ஒலிம்பிக்கில் யுசுரு ஹன்யூ பனிச்சறுக்கு நடனத்தில் தங்கம் வென்றார். தொலைக்காட்சி முழுக்க அதுதான். யமனாஷியிலிருந்து ஆட்கள் "நாங்கள் இங்கே புதைந்து கிடக்கிறோம், ஏன் ஒருவரும் காட்டுகிறீர்கள் இல்லை" என்ற பொருளில் இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 16 ஆம் திகதி பிரதமர் ஷின்சோ அபே அக்கசக்காவில் தெம்புரா சாப்பிடப் போனது பின்னர் பெரிய கண்டனத்துக்கு உள்ளானது. அந்தச் சாப்பாட்டைப் பற்றி அளவுக்கு மீறிக் கதைத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைவிடப் பாரமான விசயம், அரசாங்கத்தின் அவசர அனர்த்தத் தலைமையகம் 18 ஆம் திகதிதான் அமைக்கப்பட்டது என்பது. பக்கத்து நகானோ மாகாணத்தின் சகு நகர மேயர் யனகிடா அதற்கு முதலே, "உங்கட வீதி எப்படி இருக்கு, படம் எடுத்து அனுப்புங்கோ" என்ற மாதிரி டுவிட்டரில் மக்களிடம் கேட்டு, எங்கே முதலில் பனி அள்ளுவது என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பது வருட அளவுகோல் தேவைப்படவில்லை.

பனி அள்ளுகிற வாகனங்கள் யமனாஷியில் மிகக் குறைவு. நீகாட்டா பக்கத்திலிருந்து, அதாவது பனி பழகிய மாகாணங்களிலிருந்து, வாகனங்களும் ஆட்களும் வந்தார்கள். இதில் ஒரு பழைய கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 16 ஆம் நூற்றாண்டில் யமனாஷியை ஆண்ட தக்கெடா ஷிங்கெனுக்குக் கடல் இல்லை. எதிரிகள் உப்பை மறித்தபோது, அவருடைய பரம எதிரியான நீகாட்டாவின் உவெசுகி கென்ஷின் உப்பு அனுப்பினாராம். உண்மையாக நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் எதிரிக்கு உப்பு அனுப்புவது என்பது ஜப்பானிய மொழியில் இன்றைக்கும் ஒரு சொல்வழக்கு.

பிறகு சட்டங்கள் மாறின. 2014 நவம்பரில் அனர்த்தச் சட்டத்தைத் திருத்தி, வீதியில் கைவிடப்பட்ட வாகனங்களை அதிகாரிகள் நகர்த்தலாம் என்று ஆக்கினார்கள். அதுவரை அடுத்தவனின் காரைத் தொடத் தயங்கியே பாதைகள் நாள் கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. விழுந்த கூடாரங்களைத் திருப்பிக் கட்ட மத்திய, உள்ளூர் அரசுகள் சேர்ந்து செலவில் பத்தில் ஒன்பது பங்கு வரை தருவதாகச் சொன்னார்கள். அது பெரிய உதவிதான், மறுக்கேலாது. விசேட எச்சரிக்கை மட்டும், பனிக்காக 2024 முடியும்வரை ஜப்பானில் எங்கேயும் ஒரு தடவைகூட வெளியாகவில்லை.

கட்டட விதியும் திருத்தப்பட்டது, 2018 இல் அறிவித்து 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பனி குறைந்த பகுதிகளில், சரிவு குறைந்த பெரிய கூரைகளுக்கு, பனிக்கு மேல் பெய்கிற மழையின் பாரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். புதிதாகக் கட்டுகிற கட்டடங்களுக்குத்தான் இது, ஏற்கனவே நிற்பவற்றுக்கு இல்லை. முகட்டிலிருந்து கூரை விளிம்பு வரை குறைந்தது 10 மீற்றர் இருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கோஃபுவின் வீட்டு முற்றங்களில் நிற்கிற கார் கொட்டில்கள் அவ்வளவு நீளமில்லை.