மங்காட்டுமுக்கின் காப்பிரி: பேய்க்கதையும் அடிமை ஆவணமும்

மட்டாஞ்சேரியில் மங்காட்டுமுக்கு என்னும் இடத்தில், சாலையோரமாக, சுவரையொட்டிய சிறு மேடை ஒன்று உண்டு. அதில் சிலை இல்லை. மெழுகுவத்தி ஏற்றுவோர் ஏற்றுகின்றனர். சுருட்டு, கள், முட்டை, புட்டு, இறைச்சி ஆகியவற்றைப் படைக்கின்றனர். வருவோருள் கிறித்தவரும் உண்டு, இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. அங்கு உறைவதாக நம்பப்படுபவர் காப்பிரி முத்தப்பன். கொச்சியின் பழைய பகுதிகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் பலரும் இவர் கதையைச் சொல்லாமல் பயணத்தை முடிப்பதில்லை.

பழைய நகரங்களில் அந்திக்குப் பிறகு விளக்கேந்திப் பேய்க்கதை சொல்லி நடத்திச் செல்வது இங்கிலாந்தின் யார்க் நகரில் 1970களிலேயே வேரூன்றிய வழக்கம். எடின்பரோவில் அது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கொச்சியில் அத்தகைய இரவு நடை ஒன்றுக்கு ஆயத்தம் செய்பவர் கதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. காப்பிரியின் கதை ஆயத்தமாகவே இருக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

கதை இதுதான். போர்த்துகீசியர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொண்டுவந்த அடிமைகள் கொச்சிக் கோட்டையில் வேலை செய்துவந்தனர். டச்சுக்காரர் நகரை முற்றுகையிட்டபோது, தப்பி ஓட வேண்டிய நிலையில் இருந்த எசமானர்கள் தம் செல்வத்தைப் புதைத்தனர்; அதைக் காப்பதற்காக ஒவ்வொரு குழியிலும் ஓர் அடிமையைக் கொன்று சேர்த்துப் புதைத்தனர். அவர்களின் ஆவிகள் மதில்மீதும் மரத்தடியிலும் அமர்ந்து சுருட்டுப் புகைத்தபடி இன்றும் புதையலைக் காக்கின்றன. வழி தவறியவரை வீடு சேர்ப்பதும், மனம் வைத்தால் புதையலைக் காட்டித் தருவதும் அவர்களின் இயல்பு. கேட்போரை அச்சுறுத்தும் பேயன்று இது. ஊராருக்கு இவர் முத்தப்பன், அதாவது குலத்து மூத்தவர்.

முற்றுகை கற்பனையன்று. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் படை 1662இன் தொடக்கத்தில் கொச்சியைத் தாக்கிப் பின்வாங்கியது. அதே ஆண்டின் இறுதியில் மீண்டும் வந்தது. 1663 ஜனவரியில் நகரம் பணிந்தது. இரு தாக்குதல்களுக்கும் இடையே சில மாதங்கள் இருந்தன. முதல் தாக்குதலில் டச்சுக்காரருக்குத் துணைநின்றதாகக் குற்றஞ்சாட்டி, 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதப் பள்ளிக்குப் போர்த்துகீசியர் தீ வைத்ததும் அந்த இடைவெளியில்தான். தம் வீழ்ச்சி நெருங்குவதை அறிந்த ஒரு நகரம் பொருளைப் பதுக்கியிருக்கும் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. போர்த்துகீசியர் மொசாம்பிக் கரையிலிருந்து கோவா வழியாக ஆப்பிரிக்கரை இக்கடற்கரைக்குக் கொண்டுவந்ததும் வரலாறே.

சொல்லையும் பார்க்க வேண்டும். அரபியின் ‘காஃபிர்’ போர்த்துகீசிய மொழியில் ‘காஃப்ரே’ ஆகி, மலையாளத்திலும் தமிழிலும் ‘காப்பிரி’ என நின்றது. தென்னாப்பிரிக்காவில் அதன் திரிபு இன்று நீதிமன்றத்துக்கு இழுத்துச் செல்லக்கூடிய இழிசொல். இலங்கையில் புத்தளத்தை அடுத்த சிறம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் அதே சொல்லைத் தம் இனப்பெயராகச் சொல்லிக்கொள்கின்றனர். மட்டாஞ்சேரியில் அது தெய்வத்தை விளிக்கும் பெயர். வெளிநாட்டுப் பயணிகளிடம் இச்சொல்லை உச்சரிக்கும் வழிகாட்டி இம்மூன்றையும் அறிந்திருப்பது நல்லது. விளக்கமின்றிச் சொன்னால் ஒருவருக்கேனும் அது சுடும்.

கொலையுண்டவர் தெய்வமாவது தமிழருக்குப் புதிய செய்தியன்று. மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் என அந்த வரிசை நீளும். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்கள் இதனைத் தமிழ் ஆய்வுலகின் நடுவே கொண்டுவந்து வைத்தன. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில், வன்முறையால் இறந்தோரே இத்தகைய வழிபாடுகளின் மூலம் என்றும், வழிபாடு வட்டாரம் கடந்து பரவும்போது அந்த மரணம் மங்கித் தெய்வப் பிறப்புக் கதை முன்னுக்கு வருகிறது என்றும் வாதிட்டார். காப்பிரி முத்தப்பன் வழிபாடு சில தெருக்களைத் தாண்டிப் பரவவில்லை. அதனால்தானோ என்னவோ, அவருக்குப் பிறப்புக் கதையே இல்லை; மரணம் மட்டுமே இருக்கிறது. பிறந்த ஊர், தாய்தந்தை, இயற்பெயர் எதுவும் இல்லை. மதுரை வீரனுக்கு ஒரு பொம்மியும் வெள்ளையம்மாளும் உண்டு. காப்பிரிக்கு அழுவதற்கு ஒருவரும் இல்லை.

கதையின் கட்டமைப்பில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கொல்லப்பட்ட பிறகும் அடிமை எசமானின் பொருளைக் காவல் காக்கிறான். சாவும் அவனுக்கு விடுதலை தரவில்லை. ஊரார் படைக்கும் கள்ளும் சுருட்டும் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகின்றன. ஊதியமே இல்லாத காவலுக்கு எவரோ சிலர் காலங்கடந்து கூலி கொடுக்கின்றனர். இது ஆய்வாளரின் விளக்கமே. வணங்குவோர் இப்படிச் சொல்வதில்லை. அவர்கள் தம் பிள்ளையின் காய்ச்சல் நீங்கவும் தொலைந்த பொருள் கிடைக்கவும் வேண்டிக்கொள்கின்றனர்.

ஆனால் பேய்க்கதை மறைக்கும் ஒன்று உண்டு. அது அடிமைமுறையை ஒரே ஓர் இரவுக்குள் அடைத்துவிடுகிறது. குற்றவாளி போர்த்துகீசியர், அவர்கள் 1663இல் போய்விட்டனர், எஞ்சியது ஆவி மட்டும். வழிகாட்டியின் கதை இங்கே முடிகிறது. ஆவணங்களோ இங்கேதான் தொடங்குகின்றன. 1663 முதல் 1795 வரை, 132 ஆண்டுகள், டச்சு ஆட்சியில் கொச்சி மனிதரை விற்று ஏற்றுமதி செய்த துறைமுகமாக இருந்தது. அக்காலப் பதிவேடுகளின் பெருந்தொகுதி இன்று இருப்பது கொச்சியில் அன்று. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். டச்சு நிறுவனத்தின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன் ஆகியவற்றுடன் சென்னையும் இடம்பெற்றது.

அத்தொகுதியில் அடிமை விற்பனைப் பத்திரங்கள் உள்ளன. விற்றவர், வாங்கியவர், விற்கப்பட்டவரின் சாதி, வயது, விலை, அவருக்குப் புதிதாகச் சூட்டப்பட்ட பெயர் ஆகியன நிலப்பத்திரத்துக்குரிய நிதானத்துடன் எழுதப்பட்டிருக்கின்றன. அஞ்சனா சிங், லிண்டா எம்பெக்கி, மத்தியாஸ் வான் ரோசம் ஆகியோரின் ஆய்வுகள் இவற்றின்மீது வெளிச்சம் பாய்ச்சியுள்ளன. அவை காட்டும் செய்தி மங்காட்டுமுக்கின் கதையைத் தலைகீழாக்குவது: இப்பத்திரங்களில் விற்கப்பட்டோருள் பெரும்பகுதியினர் ஆப்பிரிக்கர் அல்லர்; புலயர் முதலான மலபாரின் ஒடுக்கப்பட்ட சாதியினர். கொச்சியில் கப்பலேறியவர்கள் நன்னம்பிக்கை முனைவரை கொண்டுசெல்லப்பட்டனர். அங்குள்ள ஏடுகளில் ‘மலபாரைச் சேர்ந்த’, ‘கொச்சியைச் சேர்ந்த’ என்னும் அடையோடு வாழ்ந்து மடிந்தனர். ஆப்பிரிக்கர் இங்கு வந்து ஆவியாயினர். இங்கிருந்தவர் ஆப்பிரிக்கா சென்று ஊர்ப்பெயராயினர்.

டச்சுக்காரரோடும் இது முடியவில்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் பிரிட்டிஷ் எல்லைக்குட்பட்ட கோட்டைப் பகுதியில் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பை நீக்கியது. கொச்சி சமஸ்தானத்தில் அதற்கு 1854 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பி. எஃப். மாத்யூஸ் தம் மலையாள நாவலுக்கு ‘அடியாளப்பிரேதம்’ எனப் பெயரிட்டபோது, பேய் என்ற சொல்லோடு அடிமை என்ற சொல்லையும் பிரிக்க முடியாதபடி பிணைத்தார். சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் முதற்சொல்லோடு நின்றுவிடுகின்றன.

நடையின் பிற நிறுத்தங்கள் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் எல்லோரும் குனிந்து பார்க்கும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை வெற்றுக் கல்லறை. 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இறந்தவரின் எச்சங்கள் 1539இலேயே போர்த்துகல் போய்ச் சேர்ந்தன. 1724இல் அர்ப்பணிக்கப்பட்ட டச்சுக் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். மட்டாஞ்சேரி யூதர் குடியிருப்பை ஒட்டி வீடுகளுக்கிடையே நிற்கும் நெகேமியா மோட்டாவின் கல்லறையில் மட்டும் நின்று பேசலாம். எபிரேயப் பாடல்கள் இயற்றிய ஞானி அவர். அங்கும் எல்லா மதத்தாரும் மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். காப்பிரிக்கும் அவருக்கும் படையலில் வேற்றுமை உண்டு, பக்தியில் இல்லை. ஆனால் நெகேமியாவின் கல்லில் எபிரேய நாட்காட்டியின்படி இறந்த நாள் பொறிக்கப்பட்டுள்ளது: 5376ஆம் ஆண்டு, கிஸ்லேவ் மாதம் 25; அதாவது 1615 டிசம்பர், ஹனுக்கா திருநாளின் முதல் நாள். தந்தை பெயரும் உண்டு. இரு நிறுத்தங்களையும் அடுத்தடுத்து வைத்தால், கேட்போர் தாமே அந்த வேற்றுமையைக் காண்பர்.

நடைமுறைக் குறிப்பு ஒன்றுண்டு. மங்காட்டுமுக்கு நாடக அரங்கன்று. மக்கள் குடியிருக்கும் தெரு. இரவில் அங்கு இருபது பேரைக் கூட்டி உறுமலும் அலறலுமாகக் கதை சொல்வது, அவ்வேளையில் மெழுகுவத்தியோடு வருபவருக்கு இடையூறு. மேடைக்குச் சற்றுத் தள்ளியே கதையை முடித்துவிடுவது தகும். ஆவி ஏன் சுருட்டுப் பிடிக்கிறது என்று பயணி கேட்பார். எழும்பூர்ப் பத்திரமொன்றின் நகலைக் கையில் வைத்திருக்கும் வழிகாட்டி, அவ்விடத்தில் ஒருவரின் வயதையும் விலையையும் வாசித்துக் காட்டலாம். அதன் பிறகு மேடைவரை குழு நடக்கும் அந்தச் சில அடி தூரத்துக்குப் பேச்சு வேண்டியதில்லை.