புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர்... தண்ணீர் எங்கிருந்து வருது தெரியுமா?

புதுச்சேரின்னா பலருக்கும் பீச்சும் பிரெஞ்சு வீதிகளும்தான் ஞாபகம் வரும். நகரத்துக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. போனால் நெல்லும் கரும்புமாக வேற புதுச்சேரி. அதுதான் பாகூர்.

ஊர் ரொம்பப் பழசு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த கல்லூரிக்கு 3 ஊர்கள் தானமாகத் தரப்பட்டதைப் பாகூர் செப்பேடு சொல்கிறது.

விவசாயம் ஏரியை நம்பித்தான். ஊசுடு ஏரிக்கு அடுத்து புதுச்சேரியில் பெரியது பாகூர் ஏரி. ஆனா அதுக்கு வரும் தண்ணீர் உள்ளூர் தண்ணீர் இல்ல! கர்நாடகாவின் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, சாத்தனூர் அணையைத் தாண்டி வருகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாக ஏரியை நிரப்புகிறது. பங்காரி, சிங்காரி என்ற அக்கா தங்கை வெட்டிய வாய்க்கால்னு ஊரில் ஒரு கதை உண்டு.

ஆற்றில் வரத்து இல்லாத வருஷம் போர்வெல்தான் கதி. கடல் பக்கத்திலேயே இருப்பதால், அளவுக்கு மீறி உறிஞ்சினால் நிலத்தடி நீரில் உப்பு ஏறிடும். அதிகமா வந்தாலும் சிக்கல்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூரில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட, பாகூர் பகுதி வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின.